உட்கார்ந்து குடிக்க ஓர் இடம்

வாசலை ஒளித்துவைத்துக்கொண்டு ஆட்களை வரவேற்கும் கடைகள் இருக்கின்றன. நியூயார்க்கில் 2007இல் திறந்த பிடிடி என்ற சிறிய பாருக்குள் போக வேண்டுமானால், ஒரு ஹாட் டாக் கடைக்குள் நிற்கும் டெலிபோன் கூண்டில் நுழைய வேண்டும். அங்கேதான் கதவு. டெல்லி வசந்த் விஹாரில் பிசிஓ என்று ஒன்று. அதற்கும் டெலிபோன் கூண்டுதான் வாசல், உள்ளே போக ரகசியச் சொல் தெரிந்திருக்க வேண்டும். பெங்களூரு லீலா பேலஸ் ஓட்டலில் இருக்கும் ஜெட்எல்பி 23க்கு ஓட்டல் ஊழியர்கள் நடமாடும் சமையற்கட்டு வழியாக அழைத்துப் போகிறார்கள். கடைசியில் ஜப்பானின் கியோட்டோ நகரை நினைத்துச் செய்த ஓர் அறை.

இவை எல்லாம் அமெரிக்க மதுவிலக்கை நினைவில் வைத்துக் கட்டப்பட்டவை. 1920 தொடக்கம் முதல் 1933 டிசம்பர் வரை அங்கே மது விற்பது குற்றம். அந்தக் காலத்தில் கடைக்குப் பின்னாலும் நிலவறையிலும் இருட்டில் நடந்ததை, இன்று விளக்குப் போட்டு, இசை வைத்து, ஒரு கருப்பொருளாக்கி விற்கிறார்கள். தடை போய்விட்டது. தடையின் அழகு மட்டும் மிச்சம்.

மேல்விஷாரத்தில் இருந்துகொண்டு இதைப் பற்றி யோசிக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் மண்ணும் ஒரு காலத்தில் மதுவிலக்கின் சோதனைக்களம். அன்றைய சென்னை மாகாணத்தின் பிரதமர் ராஜாஜி 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை. 1939இல் வட ஆற்காடு. இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தின் இந்தப் பகுதி அதற்குள் அடக்கம். கள், சாராய வருமானம் போன இடத்தை நிரப்ப அதே 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் விலக்கு. 1971இல் அது தளர்ந்தது, பிறகு திரும்பி வந்தது, பிறகு போனது. 1983இல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் என்ற அரசு நிறுவனம். 2003 முதல் சில்லறைக் கடையும் அரசின் கையிலேயே. 2023-24இல் அதன் வழியே அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

அமெரிக்காவில் அந்தக் காலம் மறைகதவாகவும் மங்கிய விளக்காகவும் நினைவில் நின்றது. நம்மிடம் அப்படி ஓர் அழகும் மிஞ்சவில்லை. மலையடிவார ஊறலும், மெத்தனால் கலந்த சாராயப் பாக்கெட்டும், விடியற்காலை ஆஸ்பத்திரி வராந்தாவும்தான் மிஞ்சின. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரு தமிழ் ஊரில் யாராவது மறைவாசல் பார் தொடங்கினால், அந்த அலங்காரத்தைப் பார்த்து ரசிக்க என்னால் முடியாது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த அறைகளுக்குள் நடக்கும் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

*

எங்கள் ஊரில் காக்டெயில் பார் கிடையாது. தோல் வியாபாரம், கல்லூரி, பள்ளிவாசல், நெடுஞ்சாலை இவற்றால் ஆன ஊர். சென்னையும் பெங்களூரும் ஒரே சாலையின் இரு முனைகள். வேலையாக அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போய்க்கொண்டே இருப்போம்.

அப்படி ஒரு முறை பெங்களூரில், ஆம்பூரில் ஷூ அப்பர் ஏற்றுமதி செய்யும் நண்பரோடும் அவரிடம் சரக்கு வாங்க வந்த இத்தாலியரோடும் ஒரு சின்ன பாருக்குப் போனேன். வெளிநாட்டு வாங்குநர்களை இரவில் எங்கே கூட்டிப்போவது என்பது இந்தத் தொழிலில் எப்போதும் இருக்கும் கேள்வி. நான் குடிப்பதில்லை, நண்பரும் குடிப்பதில்லை. வந்தவர் பார்க்க ஆசைப்பட்டார், போனோம்.

பழைய மருந்துக்கடை மாதிரி அமைத்திருந்தார்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறை, ஒவ்வொன்றிலும் பித்தளைக் குமிழ். பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள், எடைத்தராசு, கல்வம். என்ன இருக்கிறது என்ற பட்டியலே மருத்துவரின் சீட்டு மாதிரி எழுதப்பட்டிருந்தது. நாற்காலிகள் மிகக் குறைவு. மருந்துக்கடைக்கும் இந்தத் தொழிலுக்கும் உறவு பழையது. காக்டெயிலில் சொட்டுச் சொட்டாக விடும் அங்கஸ்தூரா கசப்பை 1824இல் உருவாக்கியவர், வெனிசுவேலாவில் பொலிவாரின் படையில் இருந்த ஜெர்மானிய மருத்துவர் யோஹான் ஸீகெர்ட். வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாக வந்தது. 1806இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று காக்டெயில் என்றால் என்ன என்று விளக்கியபோது நான்கே பொருள்களைச் சொன்னது: மது, சர்க்கரை, தண்ணீர், கசப்பு.

பார் மேசைக்குப் பின்னால் நின்ற பையனுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு முகம் மலர்ந்தது.

"லிக்கர் வேணாம்னா தாராளமா சொல்லுங்க சார். அதுக்காக ஜூஸைக் குடுத்து உட்கார வெச்சுட மாட்டேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போனது. குடிக்காதவன் ஒரு பாரில் குறைப்பட்டவனாகத்தான் உட்கார்ந்திருப்பான், மற்றவர்கள் முடிக்கும்வரை கையில் எதையோ வைத்துக்கொண்டு. இவன் என்னையும் ஒரு விருந்தாளியாக எண்ணினான்.

*

அவன் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடர்த்தியான கறுப்புத் தேநீர். எலுமிச்சை. வெல்லப்பாகு. ஏலக்காய். மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன்பே இந்தக் கலவையைக் காய்ச்சிய பாலில் ஊற்றி வைத்திருந்தானாம். எலுமிச்சையில் பால் திரிந்துவிடும். அந்தத் திரிவை மெல்லிய துணியில் நிதானமாக வடிகட்டினால் கீழே இறங்குவது கலங்கல் இல்லாத, தேன் நிறத் தெளிநீர். பால் தெரியாது. நாக்கில் பாலின் மென்மை மட்டும் இருக்கும். இந்த முறை புதிதில்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் 1763இல் நண்பர் ஒருவருக்குப் பால் சேர்த்து வடிக்கும் பானத்தின் செய்முறையைக் கடிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். அவருடையதில் பிராந்தி உண்டு. எனக்குச் செய்ததில் இல்லை.

தேநீரின் துவர்ப்பு எங்கே போனது என்று கேட்டேன். "பால் இழுத்துக்கிச்சு சார்" என்றான்.

தோல் ஊரில் பிறந்தவனுக்கு இந்த விடை உடனே புரியும். தேயிலையில் இருக்கும் துவர்ப்பும், ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கும் துவர்ப்பும் ஒரே வகைப் பொருள். அதன் வேலை புரதத்தைப் பிடித்துக் கட்டுவது. பச்சைத் தோலின் புரதத்தைப் பிடித்துக்கொண்டால் அது அழுகாது, பதப்பட்ட தோலாகிவிடும். எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொண்டால் நாக்கு வறண்டு இழுக்கும். அதைத்தான் துவர்ப்பு என்கிறோம். பாலின் புரதத்தைப் பிடித்துக்கொண்டால் திரிவோடு சேர்ந்து வெளியேறிவிடும், பானம் மிருதுவாகும். நாம் தேநீரில் பால் ஊற்றும்போதும் துவர்ப்பு பாலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் சுவை மிருதுவாகிறது.

குரோமியம் வைத்துப் பதப்படுத்தும் முறை வருவதற்கு முன்னால் எங்கள் பகுதித் தோலெல்லாம் பட்டையிலும் காயிலும் வாரக்கணக்கில் ஊறித்தான் பதப்பட்டது. ஆவாரம்பட்டைக் குழியின் நிறம், கொஞ்ச நேரம் கொதித்துவிட்ட டீயின் நிறம். பரம்பரை பரம்பரையாக ஓர் ஊர் தன் பிழைப்பை ஒரு சுவையின் மேல் கட்டியிருக்கிறது என்ற நினைப்பு, அந்த அந்நிய அறையில், அந்தக் கோப்பையைக் கையில் வைத்திருந்தபோது எனக்கு வந்தது. அதைச் சொல்ல இத்தாலியரிடம் எனக்கு மொழி போதவில்லை. நண்பர் சொல்லிப் புரியவைத்தார். இத்தாலியரும் தோல்காரர்தான். கண்ணை மூடி ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையாட்டினார்.

*

இரண்டாவதாக நான் கவனித்தது பனிக்கட்டி.

கண்ணாடி மாதிரி இருந்தது, உள்ளே ஒரு வெண்புள்ளி இல்லை. தண்ணீரை ஒரே பக்கத்திலிருந்து மெதுவாக உறையவிட்டால், உறையும் நீர் தனக்குள் இருக்கும் காற்றையும் உப்பையும் எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் கலங்கலெல்லாம் ஒரு முனையில் ஒதுங்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்வார்கள். குலுக்கிச் செய்யும் பானங்களில் கோப்பைக்கு வந்து சேர்வதில் கணிசமான பங்கு, கரைந்த பனிக்கட்டியின் தண்ணீர். அதனால் தண்ணீர் சரியில்லை என்றால் எதுவும் சரியில்லை.

பாலாற்றங்கரைக்காரன் தண்ணீர் என்ற பேச்சைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறோம். ஊறவைக்கும்போது அந்த உப்பு கழிவுநீரில் கரைகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போன்றவற்றைச் சேர்த்துக் கசடைத் திரளவைத்துப் படியவைக்கலாம். திரிந்த பால் துவர்ப்பை இழுத்துக்கொண்டு போவதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். ஆனால் பால் வெல்லத்தை இழுப்பதில்லை, தித்திப்பு வடிநீரிலேயே தங்கிவிடுகிறது. அதே போல் கசடு படிந்தாலும் கரைந்த உப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. அதைப் பிரிக்க எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறை வேண்டும், பெரிய செலவு, அதிலும் கடைசியில் ஒரு மூலையில் உப்புக் குவியல். எங்கள் கிணறுகளில் இறங்கியது அந்த உப்பு. தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் உறுதிபெற்ற தீர்ப்புகளில் அது முக்கியமானது. 2025 ஜனவரி 30ஆம் தேதி அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறை வளர்ந்து, கேன் தண்ணீரே தண்ணீர் என்று நம்பிப் பழகிவிட்டது.

இந்தத் தொழில்தான் எங்களுக்குச் சோறு போட்டது, பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தது. அதனால் இந்தக் கணக்கை வேறு யாரும் கேட்பதற்கு முன்னால் நாங்களே கேட்க வேண்டும். ஒரு கோப்பை நல்ல பானத்துக்கு நல்ல தண்ணீரைத்தான் முதலில் தேட வேண்டும் என்றால், ஓர் ஊருக்கு எத்தனை மடங்கு அது உண்மை.

*

நியூயார்க்கில் சாஷா பெட்ராஸ்கி என்பவர் 1999இன் கடைசி நாளில் மில்க் அண்ட் ஹனி என்ற சின்ன பாரைத் திறந்தார். இன்றைய மறைவாசல் பார்களுக்கு அது முன்னோடி. அங்கே நடத்தை விதிகளை எழுதி வைத்திருந்தார். கூச்சல் போடக் கூடாது. பெரிய மனிதர்களின் பெயரைச் சொல்லிப் பெருமை பேசக் கூடாது. பெண்களிடம் ஆண்கள் வலியப் போய் அறிமுகம் செய்துகொள்ளக் கூடாது. மது விற்கிற இடத்தில் அவர் கட்டிக் காத்தது அமைதியையும் மரியாதையையும்.

எனக்குத் தேவைப்பட்ட விளக்கம் இங்கே கிடைத்தது. இந்த இடங்களுக்கு மனிதர்கள் போவது வெறும் போதைக்காக என்றால், அத்தனை சின்ன அறையும் அத்தனை நிதானமும் தேவையே இல்லை. போதைக்குப் பிளாஸ்டிக் டம்ளர் போதும், நம் டாஸ்மாக் பார்கள் அதைத் தினமும் நிரூபிக்கின்றன. இங்கே வருகிறவர்கள் பகலின் வேலைக்கும் இரவின் தூக்கத்துக்கும் நடுவே ஒரு மணி நேரம் வேண்டும் என்று வருகிறார்கள். தன் முகத்தைப் பார்த்து, தனக்கென்று ஒருவர் கையால் ஒன்றைச் செய்து தர வேண்டும் என்று வருகிறார்கள். எழுந்து போ என்று யாரும் பார்வையால் சொல்லாத ஒரு நாற்காலி வேண்டும் என்று வருகிறார்கள். இந்த மூன்றிலும் மது இல்லை.

*

இந்த மூன்றும் எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒரு மாதம் கிடைக்கின்றன.

ரமலான் நோன்பு மாதத்தில் இரவுத் தொழுகையான இஷாவும், அதையடுத்த சிறப்புத் தொழுகையான தராவீஹும் முடிந்து வெளியே வரும்போது கடைத்தெரு முழித்துக்கொண்டிருக்கும். நோன்பு திறந்தபோது குடித்த கஞ்சி வயிற்றில் அடங்கி, மறுபடியும் தாகம் தொடங்கும் நேரம். ரோஸ்மில்க், பாதாம் பால், ஃபலூடா, பழக்கலவை. நான் போவது நன்னாரி சர்பத்துக்கு. தள்ளுவண்டி அளவுதான் கடை. குப்பிகள் வரிசையாக, பின்னால் ஒரு ட்யூப்லைட். ஊறிய சப்ஜா விதை ஒரு பாத்திரத்தில், பாதாம் பிசின் ஒரு பாத்திரத்தில், ஈரத்துணி போர்த்திய ஐஸ்.

"இன்னா பாய், தண்ணியிலயா, சோடாவுலயா?"

எலுமிச்சையைக் கண்ணெதிரே அறுத்துப் பிழிவார். பாகு ஊற்றுவார். சிட்டிகை உப்பு. உள்ளங்கை அகலக் கரண்டியில் சப்ஜா. ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு உயரத்தில் ஏற்றி இறக்கி, நுரை கட்டியதும் நீட்டுவார். போன வாரம் இனிப்பைக் குறைக்கச் சொன்னது அவருக்கு நினைவிருக்கும். மருந்துக்கடைப் பாரில் பார்த்த அதே கவனம்தான். இவருடைய இழுப்பறைகளுக்குப் பித்தளைக் குமிழ் இல்லை, அவ்வளவே. உப்பு, புளிப்பு, இனிப்பு, குளிர் ஆகிய நான்கையும் சிறிது நேரத்தில் சமன்செய்வது இவருக்கும் தெரியும்.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவதை வருஷம் முழுக்கக் கேட்க முடியாது. டேனரியில் மேற்பார்வை பார்ப்பவரும், கல்லூரிப் பையனும், ஆட்டோ ஓட்டுபவரும் ஒரே பெஞ்சில். விலைவாசி, மகளின் கல்யாணம், கான்பூர் சரக்கு, சவூதியிலிருந்து வரவேண்டிய தம்பி. நடுநடுவே யாரும் எதுவும் பேசாமல் குடித்துக்கொண்டிருக்கும் இடைவெளிகள். அந்த இடைவெளிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. தொழுகைக்குப் பிறகு மனசு கொஞ்சம் இறங்கியிருக்கும். அவசரம் இருக்காது. விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

பெருநாள் முடிந்ததும் இது எல்லாம் கலைந்துபோகும். பத்து மணிக்குத் தெரு அடங்கிவிடும். மிச்சம் இருப்பது நெடுஞ்சாலை டீக்கடை, அங்கே நின்றுகொண்டே குடித்துவிட்டு நகர வேண்டும்.

நோன்பு மாதத்திலும் அந்தப் பெஞ்சில் பெண்கள் இல்லை.

இதைப் பல இரவுகள் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். பெண்கள் பார்சல் வாங்கிப் போவார்கள், அல்லது பையனை அனுப்பி வாங்கிவரச் சொல்வார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை, விஷாரம் வட்டாரத்தில் ஷூ கம்பெனிகளில் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். காலையில் கம்பெனிப் பஸ், சாயங்காலம் கம்பெனிப் பஸ், இறங்கியதும் அடுப்படி. இந்தத் தோல் நாட்டின் ஏற்றுமதியைக் கையால் தைத்து முடிக்கிறவர்களுக்கு, பகலுக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஒரு மணி நேரம் என்ற ஒன்றே கிடையாது. பெங்களூர் பாரில் இரண்டு பெண்கள் ஓரமாக உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அறையில் நான் பொறாமைப்பட்ட ஒரே விஷயம் அது.

*

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே சித்திக் சராய் இருக்கிறது. ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் தங்குவதற்காக அதைக் கட்டியவர் மேல்விஷாரத்துத் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம். 1965இல் எங்கள் ஊரில் தொடங்கிய கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோலில் சம்பாதித்ததை, முகம் தெரியாதவர்களுக்குக் கூரையாகவும் படிப்பாகவும் மாற்றியவர்களின் ஊர் இது. அந்நியருக்கு இடம் கொடுக்கத் தெரிந்த ஊருக்குத் தன் வீட்டுப் பெண்களுக்கும் தன் பிள்ளைகளுக்கும் ஒரு மணி நேர இடம் கொடுப்பது பெரிய காரியம் இல்லை.

அதனால் இந்தக் குறிப்பை ஒரு வேண்டுகோளாகவே முடிக்கிறேன். மேல்விஷாரத்திலோ ஆற்காட்டிலோ ஆம்பூரிலோ கடை வைக்க நினைக்கும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால், இன்னொரு பிரியாணிக் கடைக்கு முன்னால் இதை யோசியுங்கள். சின்ன அறை போதும். மலைப்பக்கத்திலிருந்து நல்ல நன்னாரி வேர் வாங்கி நீங்களே பாகு காய்ச்சுங்கள், சிவப்புச் சாயம் வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஆவாரம்பூ, சுக்கு, ஏலம், ரோஜா இதழ் எல்லாவற்றையும் குப்பியில் அடுக்குங்கள், அதுவே போதுமான அலங்காரம். தண்ணீரைச் சோதித்து, அதன் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கூச்சல் கூடாது என்று பெட்ராஸ்கி மாதிரி நீங்களும் ஒரு பலகை வையுங்கள். வாசலை மறைக்காதீர்கள், தெருவைப் பார்த்துத் திறந்து வையுங்கள். இரவு பதினொன்று வரை விளக்கு எரியட்டும். நல்ல நாற்காலிகளைச் சுவரோரம் போட்டு, கம்பெனிப் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் பெண்களுக்கு அவற்றை முதலில் கொடுங்கள்.